லைனில் இருக்கிறேன்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் ‘தேனக்கா’ என்று பெயர் வைத்தவர்கள் போர்ட்டர்கள். வண்டி நாலு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால், சண்டைக்கு வந்தவன்கூடப் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவான். அந்தக் குரலே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

போர் வந்தது, ரயில்கள் நின்றன. ராணுவம் அவளை எச்சரிக்கை அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. எதிரி ஊரில் குண்டு போடுமுன் அங்கே குடியிருப்பவர்களுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும் என்பது நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டமாம். சொல்கிற வேலை அவளுக்கு, போடுகிற வேலை வேறு யாருக்கோ. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை என்று அவளுக்குப் புரியாமலில்லை. நாலு உயிராவது பிழைக்குமே என்றுதான் போனாள்.

சட்ட அதிகாரி முதல் நாளே கறாராகச் சொன்னார்: “எழுதிக் கொடுத்ததைப் படிங்க, போனை வெச்சிடுங்க. பேச்சு வளர்க்கக் கூடாது.”

கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டினாள். பயணிகளை நடுவழியில் விட்டுப் பழக்கமில்லாதவள் அவள்.

ஒரு மத்தியானம், ஒரு மாடி வீட்டு எண். தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் எடுத்தாள். பக்கத்துக் கட்டடத்தில் குண்டு விழப்போகிறது, உடனே வெளியேறுங்கள் என்று தேனக்கா படித்தாள்.

“ஐயோ, பிள்ளைங்க தூங்குதுங்களே! மாமியாருக்கு நடக்க வராதும்மா!”

“பதறாதீங்கக்கா. எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

தைரியத்துக்குத்தான் சொன்னாள். ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. “செருப்பு வேணாம்டா, ஓடு!” பிறகு படியிறங்கும் காலடிகள் தேய்ந்து மறைந்தன. தேனக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை.

யாரோ படியேறி ஓடி வந்தார்கள்.

“அம்மா, இருக்கியா?” அதே பெண்தான், மூச்சு வாங்கியது. “எல்லாரையும் கீழ அனுப்பிட்டேன். நீ பாட்டுக்குக் காத்துட்டிருப்பியேன்னுதான் ஓடி வந்தேன். நீ நல்லா இருக்கணும், தா—”

“போங்கக்கா!” என்று இவள் கத்துவதற்குள் லைன் செத்துவிட்டது.

அதிகாரி பதிவைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எச்சரிக்கை கொடுத்தாச்சு. திரும்பி வந்தது அவங்க முடிவு. சட்டப்படி உங்க மேல தப்பே இல்லை.”

யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். சட்டம் அதற்கும் வழி வைக்கவில்லை.

போர் முடிந்து ரயில்கள் ஓடின. தேனக்கா மைக்கைத் தொடவில்லை. பட்டப்பகலில், ஆளில்லாத மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது என்பாள். வீட்டில் போன் அடித்தால் புருஷன்தான் எடுப்பார்.

போன வாரம் அவர் கடைக்குப் போயிருந்தார். அடித்துக்கொண்டே இருந்ததால் அவளே எடுத்தாள். வெளியூரிலிருந்து மகள். பேச்சுக்கு நடுவே பேரன் வீறிட்டான்.

“முழிச்சிட்டான். கொஞ்சம் லைன்ல இரும்மா.”

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். காலடிகள் போயின. அழுகை ஓய்ந்தது. காலடிகள் ஓடி வந்தன.

“அம்மா, இருக்கியா?”

“ஏங்க்கா திரும்பி வந்தீங்க?” என்று மகளிடம் கதறினாள் தேனக்கா.