கடைசிச் சட்டையின் சூடு

நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. என் அக்காவுக்கு நடந்தது. அந்த ஒலிப்பதிவை நானும் கேட்டேன். இன்னொரு முறை கேட்கச் சொன்னால் வீட்டை விட்டே ஓடிவிடுவேன்.

வீட்டில் அக்காவுக்கு 'டார்ச்' என்று பெயர். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் பேய் என்று நான் அலறினால், டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போய், "வந்து பாருடி, உன் செருப்புதான்" என்பாள். வளர்ந்ததும் அதுவே அவள் வேலையானது. பேய் நடமாட்டம் என்று யார் கூப்பிட்டாலும் போவாள். குழாய்க்குள் காற்று, கூரையில் எலி, தளர்ந்த கதவு என்று ஏதாவது ஒன்று சிக்கும். "பேயைத் தவிர எல்லாத்தையும் பிடிச்சிருக்கேன்" என்று பீற்றிக்கொள்வாள்.

அன்று போனது ஒரு தையல் கூடத்துக்கு. பட்டப்பகல். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போய்த் திரும்பினால், தேய்க்காமல் விட்டுப்போன கடைசிச் சட்டை மட்டும் இஸ்திரி மேசையில் தேய்த்து மடித்திருக்குமாம். தொட்டால் சூடு. இஸ்திரிப் பெட்டியோ ஜில்லென்று கிடக்கும். இதை முதலில் சொன்னவள் பொத்தான் தைக்கும் பெண்.

"பேய் இருந்தா சொல்லுங்க மேடம், இடத்தைக் காலி பண்றேன். இவ கிளப்பிவிடறான்னா அதையும் சொல்லுங்க, இவளைக் காலி பண்றேன்" என்றார் முதலாளி. அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அக்காவுக்கும் அது தெரியும்.

அக்காவுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக்கூடாது. அதனால் துணி அடுக்கும் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக விசாரிப்பாள். பயமில்லாமல் பேசட்டும் என்று பெயர்கூடக் கேட்க மாட்டாள். ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர். நடுவில் ரெக்கார்டர்.

முதலில் பொத்தான்காரப் பெண் வந்தாள்.

"உக்காரும்மா" என்றாள் அக்கா.

அந்தக் குரல் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. கதவோடு ஒட்டிக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள் என்று அக்கா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

"சூடு மட்டும்தானா?"

"பின்னால நின்னு பேசும்க்கா."

"என்ன பேசும்?"

"ரெண்டே வார்த்தை... சொல்ல மாட்டேன்."

சொல்லும்போது அக்காவின் வாயையே பார்த்தாள்.

மற்றவர்கள் சூட்டைத் தொட்டிருந்தார்கள். வேறெதுவும் தெரியாது என்றார்கள். ஒருத்தி போனதும் அக்கா ரெக்கார்டரைச் சரிபார்த்து நிமிர்ந்தாள். எதிரில் இன்னொருத்தி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை.

குனிந்த தலை. உள்ளங்கையால் மேசைவிரிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். இப்படி... அப்படி... இப்படி...

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?"

"பொய் சொல்றா."

"பாத்தீங்களா?"

"நானே பாத்தேன். அவளே தேய்ச்சு வெக்கறா."

எங்கோ கேட்ட குரல். அக்கா அதை யோசிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தம்ளர்களை எடுத்து வைக்கும்போது ஒன்று மட்டும் நிறைந்திருந்தது. தொட்டாள். சுட்டது. ஜன்னல் வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னாள்: "பேயெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு வேலைதான். பாத்த சாட்சி இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாரு பாத்தா? என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்கக்கா!"

"சாட்சி யாருன்னு சொல்றதில்ல. அது எங்க முறை."

அவள் அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பாதி டப்பா இன்னும் சாப்பிடாமல் இருந்தது. அக்கா பிறகு திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

மாலையில் வீட்டில் பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தாள். கூடத்தில் வேலை செய்வது ஆறு பேர்.

பதிவுகள் ஏழு.

"இங்க வாடி" என்று கூப்பிட்டாள். அவள் பயந்து கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஏழாவதைப் போட்டாள். ஸ்ஸ்... ஸ்ஸ்... துணியை நீவும் சத்தம்.

கேள்வி, அக்காவின் குரல்.

பதிலும்...

அக்காவின் குரல்.

"நானே பாத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னலே இல்லடி" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய்த் தப்பு தன்னுடையது என்றாள். "புது ஆளு போட்டாச்சே மேடம்" என்று அவர் சிரித்தார். முகவரி வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

"என்னை மன்னி..."

"பேசாதீங்கக்கா." இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "கையெடுத்துக் கும்பிடறேன், பேசாதீங்க."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான்தான் கேட்டேன், அது சொன்ன இரண்டு வார்த்தை என்னவென்று.

"'பொய் சொல்றா.' தினமும் அதேதான். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே." அக்காவின் பக்கம் விரலை நீட்டினாள். "இவங்க குரல்ல."

"அக்கா வந்தது நேத்துதானே?"

"நான் கேக்கறது வேலைக்குச் சேந்த அன்னிலேர்ந்து" என்றாள் அவள்.