புகைப்புரையில் காய்ந்த ஃபிக்சர்கள்

மேலே "கர்க்கடகம் 1" என்று மலையாள மாதத் தேதி, கீழே மலையாளத்தில் நான்கு வரி. கழுவும் இயந்திரத்தின் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளை அன்றே போனில் படம் பிடித்து வைத்தேன். இந்த மாதம் முடியும்வரை கழுவும் அறையின் பேரில் புகார் எதுவும் வராவிட்டால், அடுத்த மாதமான சிங்ஙம் ஒன்றாம் தேதி முதல் வேறு ஒருவருக்கு இங்கே பயிற்சி கொடுக்கப்படும். இப்போது இருப்பவர் பரிசோதனை மேசைக்கு மாற்றப்படுவார். கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து. இப்போது இருப்பவர் நான். தாளில் வருடம் இல்லை, ஆகவே நானும் இங்கே சேர்க்கவில்லை.

எங்கள் தொழிற்சாலை நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டமொன்றை வெட்டி எழுப்பிய தகரக் கூரைக் கட்டடம். வேறு கம்பெனிகளுக்கு சர்க்யூட் போர்டு கட்டிக் கொடுப்பதுதான் வேலை. உருகிய ஈயத்தின் அலைமேல் போர்டைக் கொண்டுபோகும்போது அதைத் தாங்கிப் பிடிக்க, தாம்பாள அளவில் ஒரு கறுப்புச் சட்டம் உண்டு. ஃபிக்சர் என்போம். ஒவ்வொரு முறை அலையைக் கடக்கும்போதும் ஃபிளக்ஸ் என்னும் பசை அதில் படிந்து கருகும். நாலு நாள் விட்டால் பலாச்சக்கை அரக்குபோல ஒட்டிக்கொண்டு போர்டை நேராக உட்காரவிடாது. முன்பு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்தார்கள். வாரம் ஒருவர் என்று முறை மாறும். யாருக்கும் அது முழுநேரத் தண்டனையாக இருக்கவில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. பீரோ அளவில் எஃகுப் பெட்டி. ஃபிக்சர்களைத் தட்டில் நிறுத்தி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், மருந்துத் தண்ணீரால் அடிக்கும், நல்ல தண்ணீரால் அலசும், சூடான காற்றால் உலர்த்தும். கற்றுக்கொடுக்க வந்த ஆள் இரண்டு பேருக்குப் பயிற்சி தந்தார். மற்றவன் போன ஓணத்துக்கு முன்பே மஸ்கட் போய்விட்டான். மிஞ்சியது நான்.

மருந்தின் நெடி வெளியே பரவக் கூடாது என்று அறையின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஜன்னல் கிடையாது. இயந்திரம் ஓடும்போது ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த தட்டு வந்து காத்துக்கிடக்கும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் சோற்றுப் பாத்திரம் திறக்கும். மழை பெய்கிறதா என்பதைத் தகரத்தின் ஓசையில் தெரிந்துகொள்வேன். வெயிலுக்கு ஓசை இல்லை. பரிசோதனை மேசை மேற்கு ஜன்னலோரம் இருந்தது. அங்கே மூன்று பேர் பேசிக்கொண்டே பூதக்கண்ணாடி வழியே போர்டு பார்ப்பார்கள். தேநீர் வாங்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மேசையைத்தான் முதலில் பார்ப்பேன். கர்க்கடக மாதம் முழுவதும் என் கவனமெல்லாம் அந்த நான்கு வரியில் இருந்தது.

மாதக் கடைசி வாரம்வரை புகார் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை இயந்திரத்தின் உலர்த்தும் ஹீட்டர் செத்தது. கழுவும், அலசும், உலர்த்தாது. மாற்று ஹீட்டர் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வெளியே விடாத மழை. துணியால் துடைத்தோம், மின்விசிறி வைத்தோம். மேற்பரப்பு காய்ந்தாலும் திருகுத் துளைக்குள்ளும் கிளிப்புக்கு அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். அது உருகிய ஈயத்தைத் தொட்டால் எண்ணெயில் விழுந்த கடுகாகத் தெறிக்கும். ஈய அலையின் முன்னால் நிற்பவர் காரோடு என்ற ஊரிலிருந்து வரும் ஓர் அக்கா. முதல் ஃபிக்சரைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"இத நான் உள்ள விடமாட்டேன் ஆக்கும். மூஞ்சில ஈயம் தெறிச்சா எனக்க மாப்பிளைக்கு அடையாளம் தெரியாண்டாமா?"

"தெரியாம இருக்கியதுதான் அவனுக்கு நல்லது" என்றார் சூப்பர்வைசர். அக்கா சிரிக்கவில்லை. லைன் நின்றது.

சூப்பர்வைசர் ஒற்றசேகரமங்கலத்துக்காரர். வீட்டில் ரப்பர் தோட்டம் உண்டு. வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"மக்கா, இந்த மழையில எங்க வீட்டுல ஷீட்டு எப்படி காயுது?"

"புகைப்புரையில" என்றேன். ரப்பர் பால் உறைந்த ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே தீமூட்டிப் புகையில் உலர்த்தும் அறை அது.

"பின்ன? ஷீட்டு காயும், இது காயாதா?"

"புகை படியும் அண்ணா."

"ஷீட்டுக்கு புகை வேணும், அதனால புகைக்கியோம். இதுக்கு சூடு போரும். தீயக் கொறச்சு, கங்கு மட்டும் இட்டா புகை எங்கிருந்து வரும்? ஒனக்கு புஸ்தகம் வாசிச்சு வாசிச்சு எல்லாத்துக்கும் பேடி."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே இந்த யோசனை தோன்றும் என்று இப்போதும் நினைக்கிறேன். மழைக்காலத்தில் எது நனைந்தாலும், பள்ளிக்கூடச் சீருடைகூட, ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலில் தொங்கிக் காய்ந்துதான் பார்த்திருக்கிறோம். மறுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. ஆனால் லைன் நின்றால் அதுவும் கழுவும் அறையின் பேரில் ஒரு புகார்தான். புகைப்புரைக்குப் போனாலும் புகார், லைன் நின்றாலும் புகார். சூப்பர்வைசர் தம் வீட்டுக்குக் கொண்டுபோக, ஜீப்பில் தார்ப்பாயை விரித்து ஃபிக்சர்களை அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். சில ஏற்கெனவே துடைத்து மின்விசிறியின் முன்னால் காய்ந்தவை. இரவு முழுவதும் அந்தக் காற்றிலேயே காயட்டும் என்று அவை அங்கேயே நின்றன. எது ஜீப்பில் ஏறியது, எது நின்றது என்று அந்த அவசரத்தில் யாரும் எழுதவில்லை.

மறுநாள் காலை அவை திரும்பி வந்தன. நன்றாகக் காய்ந்திருந்தன, இளஞ்சூடுகூட இருந்தது. அக்கா ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க ஊருல மீன்தான் காயப்போடுவோம். ஒங்க ஊருல மெஷின் சாமானமும் காயப்போடுவியளோ? கருவாட்டு மணம் அடிக்காதது பாக்கியம்."

"நாக்க அடக்கி லைன ஓட்டு" என்றார் சூப்பர்வைசர், முகம் மலர்ந்து.

துளைகளை ஊதிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. விரலால் தடவினால் ஏதோ மெல்லிய பிசுபிசுப்பு இருந்த மாதிரி, இல்லாத மாதிரி. திரும்பக் கழுவினால் போய்விடும், கழுவினால் நனையும், நனைந்தால் மறுபடியும் ஜீப். லைன் ஓடியது. வெள்ளிக்கிழமை ஹீட்டரும் வந்து சேர்ந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், மேற்கு ஜன்னலில் என் நாற்காலி எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கர்க்கடகம் முடிய ஒரே நாள் பாக்கி. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. போர்டுகளின் அடிப்பக்கத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம். மேலாளர் அறையில் எங்களைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அலசினது போராது போல சார்" என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

வராந்தாவில் என் தோளில் கைவைத்தார். "மக்கா, கோவிக்காண்டாம். புகைப்புரைன்னு பறஞ்சா என்னைய மட்டும் இல்ல, கம்பெனிக்க ஆர்டரயே கஸ்டமர் விட்டுருவான். ஒனக்கு என்ன, அந்த ரூம் பழகின எடம்தானே?"

"பழகினதுதான் அண்ணா பிரச்சினை" என்றேன்.

மேலாளரின் உத்தரவு சுருக்கமாக இருந்தது: பயிற்சி இல்லாதவர் இனி இயந்திரத்தைத் தொடக் கூடாது. பயிற்சி உள்ளவன் நான் ஒருவன். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவேண்டுமானால் அவர் இயந்திரத்தைத் தொடவேண்டும். தொடுவதற்குப் பயிற்சி வேண்டும். இதை மேலாளரிடம் சொன்னேன். "அது பிறகு பார்க்கலாம்" என்றார்.

சிங்ஙம் ஒன்றாம் தேதி மழை விட்டிருந்தது. காலையில் உள்ளே போனபோது கதவில் தாள் அப்படியே இருந்தது. ஈரத்தில் செல்லோடேப்பின் ஒரு மூலை மட்டும் எழும்பியிருந்தது. அதைக் கிழிக்காமல் தட்டை உள்ளே தள்ளினேன். மத்தியானம் அக்கா கதவைத் திறந்து ஒரு வாழையிலைப் பொதியை நீட்டினார். உள்ளே வருடப் பிறப்புக்கு யாரோ கொண்டுவந்த பாயசமும் பழமும்.

"வெயில் உண்டு, தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அதான் பறையலாம்னு வந்தேன். வாறேன்." கதவு சாத்திக்கொண்டது. நான் பொத்தானை அழுத்தினேன்.

இப்போதும் அந்த அறையில்தான் இருக்கிறேன். நடந்ததை எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. திரும்பி வந்த பெட்டியின் போர்டுகள் எல்லாம் ஒரே ஃபிக்சரில் ஓடியவை என்பதை அவற்றின் அடையாளத்தில் கண்டுகொண்டேன். அந்த ஃபிக்சர் ஜீப்பில் ஏறியதா, இல்லை என் மின்விசிறியின் முன்னால் காய்ந்ததா? ஏறியது என்று அக்கா சத்தியம் செய்கிறார். ஏறவில்லை என்று சூப்பர்வைசர் சொல்கிறார். படலத்தைச் சோதனைக்கு அனுப்பியதாகக் கேள்வி. முடிவு எங்களுக்கு வரவில்லை. அது புகையின் கறையா, என் இயந்திரம் அலசாமல் விட்ட மருந்தா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.