படுக்கை வண்டிக்குப் பைப் மாற்றிய கதை

பழைய வண்டியை ரிப்பேருக்குக் கொண்டு வருகிறவன் வண்டியை மட்டும் கொண்டு வருவதில்லை என்று லாரி ஓட்டிய என் பெரியப்பா ஆரம்பிப்பார். கூடவே என்ன கொண்டு வருவான் என்றும் சொல்வார். அந்தப் பாதி எனக்கு மறந்துவிட்டது. ஞாபகமிருந்த பாதியை வைத்துக்கொண்டு, மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் போட்டேன். செல்போனில் கூப்பிட்டவனுக்கும் செலவு, எடுத்தவனுக்கும் செலவு என்றிருந்த காலம். பழைய வண்டி வைத்துப் பாடுபட்டவர்களுக்காக, அங்கே வந்த ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதுகு சொன்னது

அந்த வேனை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் ஊரிலிருந்தே ஓட்டி வந்து, திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. வாங்கியவர் மண்ணூர் ஜெயராஜ். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்த பணத்தில் ஊரே வீடு கட்டியபோது, இவர் இதை வாங்கினார். காரணம் கட்டிலில் படுத்திருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. உட்கார முடியாது. ஆம்புலன்ஸ் குலுக்கலுக்கு ஒருமுறை மயக்கமே போட்டுவிட்டாராம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் படுத்துக்கொண்டே போக, இந்த வண்டியை விட்டால் வழியில்லை.

எஞ்சின் பின்னால், கட்டிலுக்கு நேர் கீழே. ரேடியேட்டர் முன்னால். நடுவில் வண்டியின் நீளத்துக்கு அடியில் ஓடி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் இரண்டு பைப்புகளில் ஒன்று காஞ்சிபுரம் தாண்டியதும் விட்டுப்போய், தண்ணீர் முழுக்க ரோட்டில் கொட்டிவிட்டது. தண்ணீரே இல்லாதபோது சூடு காட்டும் முள்ளுக்கு எப்படிச் சூடு தெரியும்? அது பாட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. முதுகு சுடுதுங்க என்று அந்தம்மா சொல்லச் சொல்ல, இவர் முள்ளைப் பார்த்து, ஒண்ணும் இல்ல படு என்று ஓட்டியிருக்கிறார். நான் கதவைத் திறந்தபோது ஸ்டெல்லா சிரிக்கத்தான் பார்த்தார்.

“பொக வந்தப்பறம்தான் என்ன நம்பினாருண்ணா.”

வயல் பைப்

மெத்தையோடு தூக்கி அதே டிராக்டரின் பெட்டியில் வைக்கோல்மேல் படுக்கவைத்து, ஊர்ந்து போகச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். இரும்பு முனைகள் துருப்பிடித்து பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது நடுவில் இருந்தது: ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் பைப், இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் சுற்றி, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. கொதிக்கிற தண்ணீர் பட்டு அது இளகி, அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

ஜெயராஜின் கைவேலை. நிலம் போன பிறகு மோட்டார் கொட்டகையில் பைப்புகள் சும்மா கிடந்திருக்கின்றன. அதிலிருந்து அறுத்துப் போட்டிருக்கிறார். ஊற்றியதும் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த உப்பு வேறு மிச்சமிருந்த இரும்பையும் தின்றுவிட்டது. எஞ்சின் பிழைத்ததே பெரிது என்றேன். அவர் அந்த வளைந்த பைப்பைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு போகத்துக்கும் இதுலதான் சார் தண்ணி போச்சு. ஒரு நாளு கூட ஒழுகல.”

கார் ஊரில் பைப் இல்லை

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் கடை கடையாகக் கேட்டேன். வண்டியின் போட்டோவைப் பார்த்து, இதை மியூசியத்தில் வையுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் கார் கம்பெனி இருக்கிற ரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பைப்புக்கு அலைந்தேன்.

கடைசியில் முத்துப்பாண்டிதான் செய்து கொடுத்தான். சாயல்குடிப் பக்கத்துப் பையன், ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டர், எட்டு பேரோடு ஒரே ரூமில் இருந்தான். பழைய இரும்புக் கடையில் துருப்பிடிக்காத ஸ்டீல் பைப் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை வந்து வளைத்து, வெல்டு வைத்து, இரண்டு பக்கமும் அடைத்துக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினான். ஒரு குமிழி வரவில்லை. இது எத்தனை நாள் தாங்கும் என்று ஜெயராஜ் கேட்டார்.

“எனக்கு அடுத்த மாசம் கான்ட்ராக்டு முடியிதுண்ணே. பைப்பு அதுக்கப்புறமும் கிடக்கும்.”

மூக்கைத் தூக்கியபோது

பைப் மாட்டியாயிற்று. உள்ளே நிற்கும் காற்றை எடுக்க வேண்டும், ஒரு நாள் விடுங்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி தவறிவிடும் என்று ஜெயராஜ் கேட்கவில்லை. அந்தம்மாவை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பியவர் சுங்குவார்சத்திரத்தோடு திரும்பி வந்தார். எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது. உள்ளே நின்ற காற்றுதான் தண்ணீரை மறித்திருந்தது.

வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தவும் என்று இங்கிலீஷ் புத்தகம் ஒரே வரியில் சொல்கிறது. உள்ளே ஆள் படுத்திருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. இறக்கி ஏற்றுகிற வலி வேண்டாம், அப்படியே தூக்குங்கள் என்று ஸ்டெல்லாவே சொன்னார். ஜாக்கி வைத்து, மரக்கட்டை அடுக்கி, மெல்ல மெல்ல முன்பக்கத்தைத் தூக்கினேன். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பத்தாமல் போக, ஜெயராஜ் கூட்டு ரோட்டுக்கு வாங்கப் போனார்.

சைடு கதவு திறந்திருந்தது. அண்ணா, கிட்ட வாயேன் என்று ஸ்டெல்லா கூப்பிட்டார். தலையணை சரிந்துவிட்டது என்று நினைத்துப் போனேன். வண்டி ஆகலை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை; ஆகிவிடும்மா, அரை மணி நேரம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். போன தடவையே பெரிய டாக்டர் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், ஊசி இனி வலியைத்தான் தள்ளிப் போடும், நோயை இல்லை என்று. வலிக்கு மாத்திரையை ஸ்ரீபெரும்புதூரிலேயே எழுதி வாங்கலாம் என்றும் சொன்னாராம். புருஷன் காதில் அது ஏறவில்லை. அவரிடமே சொல்லிப் பாருங்களேன் என்றேன்.

“நான் வேணான்னு சொன்னா அவரு அழுவாருண்ணா. வண்டி ஆவலன்னா ஒன்ன நாலு வார்த்த திட்டிட்டு வுட்டுடுவாரு.”

இரண்டு பைப்பும் சூடு

ஜெயராஜ் கேனோடு வந்தார். ஊற்றினோம். ரேடியேட்டர் திருகாணியைத் தளர்த்தியதும் புஸ் புஸ்ஸென்று நுரை வந்து, பிறகு நுரையில்லாமல் தண்ணீர் வந்தது. திருகாணியை மறுபடி முடுக்கினேன். அடியில் கைவிட்டு இரண்டு பைப்பையும் தொட்டேன். போகிற பைப்பும் சூடு, வருகிற பைப்பும் சூடு. முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. முழுசாகச் சரியாக முடிந்த வேலை என்று நான் அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டேன். கட்டைகளை எடுத்து வண்டியை இறக்கினேன்.

ஜெயராஜ் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தார்.

“மத்தியானத்துக்குள்ள போனா பாத்துடுவாங்க. கெளம்பட்டா சார்?”

சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, இந்த வண்டி வேலூர்வரைக்கும் தாங்காது என்று அவரிடம் சொன்னேன்.