காற்றுக்குப் பாஸ் போட்ட மேனேஜர்

“இந்த வரியைத் தொடாதே. எடுத்தால் வேலை செய்யாது. காரணம் தெரியாது.” முன்னும் பின்னும் நட்சத்திரக் குறிகள் போட்டு, கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த குறிப்பு அது. புனேயில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் பொறுப்பில் விடப்பட்ட நிரலைத் திறந்தபோது கண்ணில் பட்டது. எழுதியவர் எங்கள் மேனேஜர். குறிப்புக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு வரி. ‘தரவு வந்துவிட்டது’ என்று திரையில் ஒரு செய்தியை எழுதுவது மட்டுமே அதன் வேலை. அதை எடுத்தால் ஏன் வேலை கெட வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். “ஓடறதா இல்லையா? அதைச் சொல்லு” என்றார். அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க என் எல்லாக் கேள்விகளுக்கும் கிடைத்த பதில் அதுதான். ‘காரணம் தெரியாது’ என்று அந்தக் குறிப்பில் எழுதியதைத் தவிர அவர் உண்மையாக எழுதிய வாக்கியம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து தொண்ணூறுகளில் புனேக்கு வந்தவர். ஔந்த் பக்கம் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் கம்பெனி இரண்டு அறைகளில் நடந்த நாளிலேயே சேர்ந்துவிட்டாராம். அதை அவர் சொல்லும்போது ஏதோ கோட்டையைப் பிடித்த கதையைச் சொல்வதுபோல இருக்கும். நான் கோயம்புத்தூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கம்பெனி கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அவருக்கும் தனி அறை கிடைத்திருந்தது. ஆனால் அந்த அறையில் அவர் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பேசுவார். விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு விழும். அவர் நகர்ந்ததும் திரையைத் துடைப்பதே எங்களுக்கு ஒரு வேலை. மராத்திக்காரர்கள் முன்னால் என்னிடம் தமிழில் பேச மாட்டார். தமிழில் ஆரம்பித்தார் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைகளில் தயாராகும் இரும்புத் தண்டுகளைச் சுழலவிட்டு, அதிர்வை அளந்து, தேறியதா இல்லையா என்று சொல்லும் இயந்திரங்களுக்கு எங்கள் கம்பெனி ஓர் அட்டை செய்தது. கணினிக்குள் செருகும் மின்னணு அட்டை. அளந்த எண்களை அது பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், நேராகவே கணினியின் நினைவகத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். வைத்த பிறகு ஒரு மணி அடிக்கும். பிராசஸர் வந்து எடுத்துக்கொள்ளும். டி.எம்.ஏ. என்று இதற்குப் பெயர். அட்டைக்கும் பிராசஸருக்கும் நடுவில் நின்று, எங்கே வை, எப்போது எடு என்று ஒழுங்குபடுத்துகிற நிரல்தான் டிரைவர். அது இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலுக்குள் இருக்கும். அங்கே ஒரு பிசகு நடந்தால் மேலே எந்த மென்பொருளுக்கும் தெரியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பிராசஸர் அண்மையில் படித்ததையெல்லாம் தன் பக்கத்திலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளும். நினைவகத்தில் புதிது வந்திருக்கிறது, பழைய நகலைத் தூக்கிப் போடு என்று டிரைவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், வாசலில் இன்றைய பேப்பர் விழுந்துகிடக்க, மேசைமேல் கிடக்கும் நேற்றைய பேப்பரைப் படித்துவிட்டு ஊர் அமைதியாக இருக்கிறது என்று நம்பும் ஆளைப் போல அது பழைய எண்களையே எடுத்துக் கொடுக்கும்.

மேனேஜர் முதலில் டிரைவரை எழுதியது சாதாரண மேசைக் கணினிக்கு. அந்த வகைக் கணினிகள் இந்த நகல் விவகாரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் என்பதால் அவர் செய்யாமல் விட்டது வெளியே தெரியவில்லை. பிறகு விலை குறைந்த, கைக்கடக்கமான வேறொரு கணினிப் பலகைக்குக் கம்பெனி மாறியது. அந்தப் பிராசஸருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இவருக்கு அது தெரியாது. எண்கள் அவ்வப்போது பழையதாக வந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக அந்தச் செய்தி வரியைச் சேர்த்திருக்கிறார். சேர்த்ததும் சரியாகிவிட்டது. செய்தியை எழுதப் போன பிராசஸர், அந்த வேலைக்கு இடம் வேண்டி, பழைய நகலைத் தற்செயலாகத் தள்ளிவிட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள அந்தப் பிராசஸரின் கையேட்டில் ஓர் அத்தியாயம் படித்திருந்தால் போதும். அவர் படிக்கவில்லை. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவது மாதிரி ஒரு வரியைக் கட்டித் தொங்கவிட்டு, தொடாதே என்று எழுதி வைத்துவிட்டு, கருத்தரங்குகளுக்குப் போய் ‘களத்தில் நிரூபிக்கப்பட்ட தீர்வு’ என்று பேசிக்கொண்டிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்து, சரியான திருத்தத்தையும் எழுதி, அவர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். எண்ணெய் விரலால் திரையைத் தொட்டு, “நல்லா பண்ணியிருக்கேம்மா. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். ஓடற வண்டியை நிறுத்தி எதுக்கு எஞ்சினைப் பிரிக்கணும்?” என்றார். அடுத்த ரிலீஸ் என்பது அவர் அகராதியில் நம் ஊர்ப் பக்கம் ‘நாளைக்கு வா’ என்பதற்குச் சமம். அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் இயந்திரத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. திரையில் குப்பை எழுத்து ஓடினால் அசிங்கமாக இருக்கும், எல்லாச் செய்திகளையும் ஒட்டுமொத்தமாக நிறுத்து என்று உத்தரவு போட்டார். அவர் எலுமிச்சம்பழமும் அதில் சேர்த்தி என்று ஞாபகப்படுத்தினேன். “டெமோ முடியட்டும்” என்றார். டெமோ முடிந்தது, வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். செய்திகள் நிறுத்தப்பட்ட அதே நிரல் வாடிக்கையாளர்களின் இயந்திரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. எங்கள் மென்பொருளைப் பற்றியல்ல, அவர்களுடைய ஆபரேட்டரைப் பற்றி. அடுத்தடுத்துச் சோதித்த இரண்டு தண்டுகளுக்குக் கடைசி இலக்கம் வரை ஒரே எண்கள் பதிவாகியிருந்தன. ஒருமுறை அல்ல, பலமுறை. ஒரே தண்டை மாட்டிவிட்டு இரண்டு தடவை பொத்தானை அழுத்துகிறான், வேலைக் கள்ளன் என்று தரக்கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு கட்டியிருந்தார். எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இயந்திரத்தில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை என்று வந்து உறுதி சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். அந்த வருடம்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்திருந்தது.

காரில் போகும்போதே மேனேஜரிடம் சொன்னேன். செய்தி வரியை நிறுத்தியதால்தான் இது, அந்த ஆள்மேல் தப்பில்லை என்றேன். அவர் தமிழுக்கு மாறினார். “அது நமக்குள்ள இருக்கட்டும். அங்க வந்து வாயைத் திறக்காதே. ஒரு ஆபரேட்டருக்காக ப்ராடக்ட் பேரைக் கெடுத்துக்க முடியுமா, நீயே சொல்லு.” சொல்லிவிட்டு, கார் சிவப்பு விளக்கில் நின்றதும் ஜன்னல் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரை நான் முழுமையாக வெறுத்தது அந்தச் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான்.

ஆபரேட்டர் பக்கத்து ஊரான தேஹு ரோட்டைச் சேர்ந்தவர். அவர் அப்பா அங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர். பூர்விகம் வேலூர்ப் பக்கம். பேச்சில் பாதி தமிழ், மீதி இந்தியும் மராத்தியும். பணிவெல்லாம் அவரிடம் துளியும் கிடையாது. நாங்கள் உள்ளே போகும்போதே தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கத்திக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காதே என்று மேனேஜர் மறுபடி என்னிடம் தமிழில் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் திரும்பினார். “தமிழா நீங்க? அப்ப நீங்களே சொல்லுங்க சார். நானா திருடன்? இந்த மிஷின தூக்கத்துல கூட ஓட்டுவேன்!” மேனேஜர் அவர் தோளில் கை வைத்து, “பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் தயாரிப்பு களத்தில் நிரூபிக்கப்பட்டது, மனிதத் தவறுக்கு இடம் உண்டு என்று அதிகாரியிடம் அழகான ஆங்கிலத்தில் சொன்னார். தோளில் வைத்த கையின் சூடு கூட ஆறியிருக்காது.

நான் வாயைத் திறந்தேன். என் இந்தி அன்று எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படவில்லை. ஆனாலும் கேட்டது அதிகாரிக்குப் புரிந்தது. தண்டே மாட்டாமல் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, வேண்டாம் என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை. நல்ல தண்டு ஒன்றை மாட்டி ஓட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. தண்டைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினார்கள். ‘தண்டு இல்லை’ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி ஓட்டினோம். மறுபடியும் சிவப்பு. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபரேட்டரின் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கோளாறு நம் வசதிக்கு வராது, எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னும் சில தடவை ஓட்டச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போது வெறும் இயந்திரம் சுழன்று நின்றதும் பச்சை விளக்கு எரிந்தது. முன்னால் கழற்றிய தண்டின் எண்கள், கடைசி இலக்கம் வரை அப்படியே. அதிகாரி குனிந்து, தண்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல உள்ளே பார்த்தார். ஆபரேட்டர் தொழிற்கூடமே அதிரும்படி கத்தினார். “ஹவா பாஸ் ஹோ கயா, ஸாப்! ஹவா பாஸ்!” காற்று தேறிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

மேனேஜர் எழுந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. “இதை உங்கள் கண்முன் காட்டத்தான் என் இன்ஜினியரைக் கூட்டிவந்தேன்” என்றார். அதைக்கூட நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது ஆபரேட்டர் செய்ததுதான். நேரே மேனேஜரிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அதிகாரிக்கும் புரியட்டும் என்று இந்தியிலும், பிறகு தமிழிலும் உரக்கப் பேசினார். “சார் மாதிரி பெரிய மனுஷன் இருக்கங்காட்டிதான் ஏழைக்கு நியாயம் கெடைக்குது. சார் எனக்கு தெய்வம்!” மேனேஜர் நெளிந்தார், பூரித்தார், அங்கேயே உட்கார்ந்து, ஆபரேட்டர்மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆபரேட்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “மனுஷனுக்கு மனுஷன் உதவறது பெரிய விஷயம்மா” என்று திரும்பும் வழியில் மேனேஜர் எனக்குப் பாடம் வேறு நடத்தினார்.

என் திருத்தம் டிரைவருக்குள் போனது. கூடவே அந்தத் தொடக்கூடாத வரியும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், இருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் ‘வேகம் மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதினார். அந்த வருட மதிப்பீட்டில், நான் குழுவோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பிம்ப்ரிக் கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கம்பெனி ஆண்டு விழாவில் சொன்னார். கல்லூரிகளில் நேர்மையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது சொன்னார். காற்று தேறிய இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்துவார். சொல்லச் சொல்ல அதில் நான் தேய்ந்து, ஒரு ஜூனியர் ஆகி, பிறகு காணாமலே போனேன். அவர் பொய் சொல்வதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே தாம் அப்படிச் செய்ததாக நம்பிவிட்டார். பொய்யனைவிட இந்த ரகம் எனக்கு இன்னும் அருவருப்பு.

நான் வேறு கம்பெனிக்குப் போய்ச் சில வருடங்கள் கழித்து, தேஹு ரோடு ரயில் நிலைய வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, “கோயம்புத்தூர் மேடம்!” என்று ஒரு குரல் கேட்டது. ஆபரேட்டர்தான். தலை நரைத்திருந்தது, குரல் கொஞ்சமும் குறையவில்லை. நிரந்தரம் ஆகிவிட்டார், இப்போது அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர். டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அடக்க முடியவில்லை. “அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்களேண்ணா. அந்தாளப் போய் தெய்வம்னீங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு எதுக்கு தங்கச்சி சொல்லணும்? நீ எப்ப கேட்டாலும் உண்மையத்தான் சொல்லுவ. அந்தாளு அப்பிடியா? ஆபீஸுக்குப் போயி மாத்தி எழுதிட்டாருன்னா என் நவ்கரி, என் வேல இன்னா ஆவறது? அதான் நாலு பேரு எதிர்ல சாமியாக்கி வுட்டேன். சாமி ஆனப்பறம் எறங்கி வந்து திருட முடியாதுல்ல?”

இத்தனை வருடம் அந்த நன்றியை நினைத்து நினைத்துப் புழுங்கியவள் நான். டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அவர் குனிந்து கேட்டார்.

“இன்னும் அந்தக் கதைய சொல்லிக்கினு கீறாரா?”

“மேடை மேடையாச் சொல்லிட்டிருக்காருங்ணா.”

“சொல்லட்டும், சொல்லட்டும். நான் இன்னும் ரிடையர் ஆவல.”