மங்கலாய்த் தெரிந்த அட்டை

துபாய்க்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருவார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை; ஆனாலும் என்னைவிட இளையவர். அவருடைய அரபி முதலாளிக்குத் துப்பாக்கி சுடும் போட்டி என்றால் பைத்தியம். ஆபீஸில் எல்லோரும் பெயர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

புதிதாக வருகிறவர்கள் எந்தப் பிரிவு என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே தொலைநோக்குக் கண்ணாடி வைத்த துப்பாக்கி என்றால் குறி பார்ப்பது சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சாதாரணத் துப்பாக்கிப் பிரிவையே எழுதினார். சுட்டு முடித்ததும் மற்றவர்கள் குறி அட்டையைப் பார்க்க ஓடுவார்கள். அவர் மட்டும் திரும்பியே பார்க்காமல் டீக்கு வந்துவிடுவார்.

யாரிடமும் பேசக் கூசுகிற நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“லேசானத விட்டுட்டு ஏன் தம்பி இத எடுத்தீங்க?”

“கண்ணாடிக்குள்ளால பார்த்தா அட்டை தெளிவாத் தெரியும் அக்கா. அது ஆள் மாதிரி வெட்டின அட்டை. இதில துவக்கின்ர முனையைத்தான் பார்க்க வேணும். ஆள் மங்கிப் போயிடும்.”

“ஊர்ல சண்டையில யாராவது...” என்று இழுத்தேன்.

“ஓம் அக்கா. எங்கட அண்ணன். அவரைச் சுடேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான்.”

அன்று மாலை, சுட்ட அட்டைகளைக் குப்பைக்கு எடுத்துப் போனேன். அவர் பெயர் எழுதியிருந்த அட்டையில் அத்தனை துளைகளும் நெஞ்சுக்கு நேராக இருந்தன. அதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.