நெல்லிக்காவின் நாட்டில் அதிபர் விழுந்த வருடம்

பெரு நாட்டு அதிபர் பதவியிலேயே நீடிக்க வேண்டும் என்று இரண்டாயிரமாம் ஆண்டில் ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்ட தமிழச்சி பவளம் ஒருத்தியாகத்தான் இருப்பாள். காங்கேயத்துக்காரி. பெரு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முந்தின வருஷம் வரை அவளுக்குத் தெரியாது.

எல்லாம் நெல்லியால் வந்தது. ஜர்னல் ஸ்குவேரில் பவளத்தின் அபார்ட்மெண்டுக்குக் காலை ஆறரைக்கு வந்து, இரண்டரை வயது மகள் கயலைப் பார்த்துக்கொள்கிற பெருக்காரி. ஐம்பது வயது. பவளம் நியூபோர்ட்டில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் கான்ட்ராக்டர். கணவன் மணியன் டல்லாஸ் ப்ராஜெக்டில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டுவான். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கலாம் என்றால் இரண்டு தடவையும் விசா இல்லை என்றுவிட்டார்கள். டேகேர் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். வங்கி ஏழரைக்குத்தான் ஆளை விடும். கிரீன் கார்டு விண்ணப்பம் பவளத்தின் வேலையைப் பிடித்துத் தொங்கியது. அந்த வேலை நெல்லியைப் பிடித்துத் தொங்கியது.

மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் 'நெல்லியக்கா' என்று ஆரம்பித்தாள். குழந்தை வாயில் அது 'நெல்லிக்கா' ஆனது. "இன்னிக்கு நெல்லிக்கா வந்தாச்சா, மாங்காதானா?" என்று மணியன் டல்லாஸிலிருந்து கேட்பான்.

நெல்லியின் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்த அதிபர் போட்ட, முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்த நீதிபதிகள் அவரைத் தீவிரவாதி என்று சொல்லி இருபது வருஷம் உள்ளே போட்டுவிட்டார்கள். தன்னையும் தேடி வருவார்கள் என்று தெரிந்ததும் நெல்லி கிளம்பி வந்துவிட்டாள்.

"இந்த ஆள் போனா என் புருஷனை விட்டுடுவாங்க," என்பாள், உடைந்த ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். "அவரை விட்ட மறுநாள் நான் ஃப்ளைட் ஏறிடுவேன்."

அந்த 'மறுநாள்' வந்தால் கயலை யாரிடம் விடுவது என்று பவளம் கணக்குப் போடுவாள்.

ஏப்ரலில் மூன்றாம் முறையாகத் தேர்தலில் நின்றார் அதிபர். வேலையிலிருந்து வந்ததும் பவளம் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்பானிஷ் சேனல் முன்னால் நிற்பாள். அங்கே எல்லாரும் அவரைச் 'சீனோ' என்றார்கள். சீனாக்காரன் என்று அர்த்தமாம்.

"அவர் ஜப்பான் வம்சம்தானேக்கா?"

"உன்னை பஸ்ல மெக்ஸிகோக்காரின்னு நினைச்சு ஸ்பானிஷ்ல வழி கேக்கறாங்களே, அந்த மாதிரிதான்."

மே மாதம் இரண்டாம் சுற்றில் எதிர்க்கட்சிக்காரர் விலகிக்கொள்ள, அதிபரே ஜெயித்தார். நெல்லி அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு ஒரு மூட்டைத் துணியை மடித்தாள். பவளத்துக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு வெட்கமும் வந்தது. ஜூலையில் பதவியேற்பு நாளில் தலைநகரில் பெரிய ஊர்வலம், தீ, சாவு. "பாவம்," என்றாள் பவளம், நிஜமாகவே. ஆனால் ஆள் இருக்கிறாரா போகிறாரா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

செப்டம்பரில் ஒரு வீடியோ வெளிவந்தது. உளவுத்துறையின் பெரிய தலை, எம்.பி. ஒருவருக்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கிறான். இரண்டே நாளில் அதிபர் டிவியில் வந்து, மறுபடி தேர்தல் வைப்பேன், நான் நிற்கமாட்டேன் என்றார். நெல்லி கயலைத் தூக்கிக்கொண்டு ஹாலெல்லாம் ஆடினாள். "சே வா! சே வா!"

"யாரை வரச் சொல்றீங்க?"

"வரச் சொல்லலை, போறான்! சே வான்னா போறான்!"

"எங்க பாஷையில வான்னா வரச் சொல்றது."

"அப்போ உங்க ஊருக்கே வரட்டும். வச்சுக்கோங்க!"

பவளமும் சிரித்து, கூடச் சேர்ந்து 'சே வா' என்று கத்தினாள். நவம்பரில் அந்த ஆள் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்தே ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே பவளத்துக்குத் திக்கென்றது.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. நெல்லி போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். பவளம் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு விளக்கு. பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து ஒரு பெண் குரல். சர்ச் நடத்துகிற சட்ட உதவி அலுவலகம். நெல்லி அடிக்கடி ரூம் மாற்றுவதால் இந்த நம்பரைக் கொடுத்திருந்தாள். பவளம் மூன்று முறை போட்டுக் கேட்டாள். மனைவி, கடிதம், கையெழுத்து என்பதெல்லாம் புரிந்தன. கடைசியில்: "லா லிஸ்தா வா எல் லூனெஸ்."

லூனெஸ் என்றால் திங்கட்கிழமை. லிஸ்ட் வருது, திங்கட்கிழமை. சரி, வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வங்கியில் ஆறு மாதம் எழுதிய புரோகிராமின் ரிலீஸ். அந்த இரண்டு நாளும் வருவதாக நெல்லி ஒப்புக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நெல்லி கேட்டாள். "பவ்லா, எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?" அவள் வாயில் பவளம் அப்படித்தான் வருவாள்.

பவளம் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டாள். "டல்லாஸ்ல இருந்துதான் வந்துச்சு."

சனிக்கிழமை ஆபீஸில் ஒரே கமாண்டை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். டீம் லீட் சேனாபதி, "காபி குடிச்சிட்டு வாங்க, முகமே சரியில்லை," என்றான். அவள் காபிக்குப் போகாமல் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மெஷினைப் போட்டுக் கேளுங்க. உங்களுக்கு ஒரு மெசேஜ் இருக்கு."

போனைக் கீழே வைக்கும் சத்தம். மெஷின் பேசுவது தூரத்தில் கேட்டது. திரும்ப எடுத்தபோது நெல்லியின் குரல் தணிந்திருந்தது. "இது வியாழக்கிழமை வந்தது."

"லிஸ்ட் திங்கட்கிழமை வருதுன்னு நினைச்சேன். எங்க பாஷையில வான்னா..."

"பவ்லா. செப்டம்பர்ல நீயும் நானும் டிவி முன்னாடி நின்னு கத்தினோம். சே வா, சே வான்னு."

நெல்லியே தொடர்ந்தாள்.

"விடுதலை பண்றவங்க லிஸ்ட் திங்கட்கிழமை மந்திரி ஆபீஸுக்குப் போகுது. என் கடுதாசி இல்லாம அவர் பேர் அதுல ஏறாது." பிறகு, கயலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தமிழில், "வா. இப்போ வா," என்றாள்.

பவளம் பையை எடுத்தாள். சேனாபதி எழுந்து வந்தான். "என்னங்க, ரிலீஸ் நடுவுல? பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"பாப்பா நல்லாத்தான் இருக்கா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், போகணும்."

"அப்போ மேனேஜர்கிட்ட நீங்களே பேசிக்கங்க. நான் உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்."

ரயில் நகராத மாதிரியே இருந்தது. வீட்டில் நெல்லி கோட்டு போட்டுக் கதவருகே நின்றாள். குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். பக்கத்து ஊர் பேட்டர்ஸனில் இருக்கிற தன் சர்ச் பாதிரியாரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, லீமாவுக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும்.

ஞாயிறு நெல்லி வரவில்லை, தகவலும் இல்லை. திங்கட்கிழமை ஆறரை, ஏழு, ஏழரை. நெல்லி வரவில்லை. பவளம் மேனேஜரைக் கூப்பிட்டு லீவு சொன்னாள். கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடியும், நீட்டிப்பு பற்றிப் பிறகு பேசலாம் என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"கடுதாசி போச்சா?"

"போச்சு."

"நெல்லிக்கா, நான் என்ன சொல்றதுன்னா..."

"பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது. நீங்க வேலைக்குக் கிளம்புங்க, சென்யோரா."

'பவ்லா' போய், எஜமானியம்மா என்கிற 'சென்யோரா' வந்துவிட்டது. அதற்குப் பிறகு எட்டு வாரம் வந்தாள். ஒரு நாள்கூடத் தாமதமில்லை. சமையலறையில் இருவரும் பேசுகிற கதை மட்டும் நின்றுபோயிற்று. பவளம் கிடைத்த மதியங்களில் டேகேர் டேகேராக ஏறி இறங்கினாள். பிப்ரவரியில் நெல்லியின் கணவரை விட்டார்கள்.

கடைசி நாள் காலை, நியூவார்க் ஏர்போர்ட்டுக்கு நானே டிரைவ் பண்ணுகிறேன் என்று பவளம் சொன்னாள். பாதிரியாரின் வண்டி வருகிறது என்றாள் நெல்லி. கயலை முத்தமிட்டு இறக்கிவிட்டு, பவளத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தச் சனிக்கிழமை நீ போன் பண்ணியிருக்கலைன்னா, ஞாயித்துக்கிழமையாவது சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியலைக்கா," என்றாள் பவளம்.

நெல்லி பெட்டியைக் கதவுப்பக்கம் இழுத்தாள். "சரி," என்று பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி. மூணு மாடி இறங்கணும்."