இன், ஆன், அட்: வத்திராயிருப்புக்கு வழி

இங்கிலீஷ் பேசச் சொல்லித்தரும் தொழிலில் பெரிய சொற்கள் தொல்லை தருவதில்லை; உயிரை வாங்குவதெல்லாம் இத்தனூண்டுச் சொற்கள்தான். ஊருக்கு இன், தெருவுக்கு ஆன், கதவு எண்ணுக்கு அட். தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இதைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் நான். இதே பாடத்தில் மாட்டி முழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முக்கு வீடு

முதல் வகுப்பில் எல்லாரிடமும் வீடு எங்கே என்று இங்கிலீஷில் கேட்டேன். மில் வேலை முடிந்து நேரே வரும் செல்வி எழுந்தாள். ஊர்ப் பெயர் வந்தது, அதற்கு முன்னால் 'இன்' என்ற சொல்லும் கச்சிதமாக வந்தது. எனக்கு ஏக சந்தோஷம். தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். தெருப் பெயர் என்ன என்றேன்.

"தெருப் பேர யாரு சார் பாத்தா? முக்கு வீட்டுல நாய் குலைக்கும், அதுக்கு அடுத்த வீடு."

பால்கோவா கடை வாசலில்

கரும்பலகை போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த வகுப்பையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினேன். தெருவில் நின்று ஆன், பால்கோவா கடை வாசலில் நின்று அட். எல்லாரையும் விட உரக்கக் கத்தியவர் வத்திராயிருப்புத் தேங்காய் வியாபாரி காதர் பாய். அவர் கடையில் சரக்கு விற்காமல் குவிந்து முளைவிட ஆரம்பித்திருந்தது. அதை வாங்க அடுத்த வாரம் வரும் பம்பாய் சேட் வழி தெரியாமல் பொள்ளாச்சிக்குப் போய்விட்டால் அத்தனையும் பாழ். சேட்டுக்குத் தமிழ் தெரியாது, பாய்க்கு இந்தி தெரியாது. போனில் இங்கிலீஷில்தான் வழி சொல்ல வேண்டும். எங்கள் கூச்சல் கேட்டுக் கடைக்காரர் வெளியே வந்தார்.

"சார், அட்டுன்னா எங்க கடைதான? அம்புட்டு பேரும் மறைச்சு நின்னா யாவாரம் எப்படி நடக்கும்?"

சேட் வந்த வழி

சேட் வரும் நாளில் பாய் என்னையும் தன் கடையில் உட்கார வைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சேட்டின் போன் வந்தது. பாய் எழுந்து நின்று, வத்திராயிருப்பை இங்கிலீஷ்காரர்கள் சுருக்கிய பெயரில் இன் வத்ராப், ஆன் பஜார் ஸ்ட்ரீட், அட் நம்பர் டென் என்று அடுக்கினார். ஒரு பிசகு இல்லை. எனக்குப் புல்லரித்தது, பாயைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு பஸ் வந்தது, சேட் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பாய் முகம் வாடிவிட்டது. மூன்றாவதாக வந்த பஸ், ஸ்டாண்டுக்குப் போகாமல் கடை வாசலிலேயே நின்றது. சேட் இறங்கினார். கையில், பாய் முன்பு மாதிரிக்கு அனுப்பிய தேங்காய். பாய் கண்கலங்கி ஓடினார். நான் கண்டக்டரிடம் ஓடினேன், எங்கள் இங்கிலீஷ் எப்படி வேலை செய்தது என்று கேட்க.

"அவரு சொன்னது ஒண்ணும் வெளங்கல சார். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு முழிச்சிட்டிருந்தாரு. பொறவு தேங்காயத் தூக்கிக் காமிச்சாரு. வத்திராப்புல தேங்கான்னா நம்ம காதர் பாய்தான?"

மறுநாள் வகுப்பிலும் இன், ஆன், அட் மூன்றையும் அதே உற்சாகத்தோடு கத்தினேன், பாய் கொடுத்தனுப்பிய ஒரு தேங்காயையும் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் வைத்துக்கொண்டு.